துப்பாக்கிப் பண்ணாடி

அவிநாசியைச் சுற்றி, பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இன்னும் தோட்டத்தை விற்காமல் வைத்திருக்கும் குடும்பங்களில் இப்படியொருவர் தட்டுப்படுவார். ஊர் அவருக்கு வைத்த பெயர் துப்பாக்கிப் பண்ணாடி. பீரோவில் அய்யன் காலத்து இரட்டைக்குழல் 12 போர் ஒன்று, இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள் ஒன்று. இரண்டுக்கும் லைசென்ஸ் உண்டு. குறையெல்லாம் மூன்றாவது தோட்டா எது என்பதில்தான்.

"பன்னெண்டு போரு கிட்டத்துக்கு. முந்நூத்திப் பதினஞ்சு தூரத்துக்கு. அதுக்கும் அக்கட்டால போகோணும்னா?"

கேட்பதும் அவரே, ".30-06" என்று பதில் சொல்வதும் அவரே. சாயங்காலத்துக்குள் மனசு மாறி, .275 ரிக்பி என்பார். 1907-ல் சம்பாவத் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த ரைபிள் அது. கனத்த வேலைக்கு கார்பெட் .450/400 இரட்டைக்குழலும் வைத்திருந்தார். "அவரே ஒண்ணோட நிறுத்துலீங்களே!" என்பது பண்ணாடியின் அசைக்க முடியாத வாதம்.

பனியன் கம்பெனி நடத்தும் பேரனுக்கு இந்தக் கணக்கில் பாதி உடனே புரிந்துவிடும். குழல் வாய்க்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு நின்றால் 12 போர். 840 கெஜச் சிட்டங்கள் ஒரு பவுண்டுக்கு முப்பது நின்றால் 30-ஆம் நம்பர் நூல். இரண்டிலும் நம்பர் ஏற ஏறச் சன்னம். .315 மட்டும் அங்குலக் கணக்கு; அதில் நம்பர் ஏறினால் துளை பெருக்கும். ராணுவத்தின் .303 குடிமக்களுக்குக் கூடாதென்று வெள்ளைக்காரன் தடுத்ததால் பிழைத்த அளவு அது.

"ஏனுங் அப்புச்சி, வாங்கி எதைச் சுடப் போறீங்க?"

நியாயமான கேள்வி. 1972 வனவிலங்குச் சட்டம் விட்டுவைத்திருந்த லைசென்ஸ் வேட்டையையும் 1991 திருத்தம் மூடிவிட்டது. சோளத்தைக் கொத்தும் மயில் தேசியப் பறவை. வாத்து இறங்கும் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. அவிநாசியில் ஆளை விழுங்கியதாகப் புராணம் சொல்லும் ஒரே பிராணி தாமரைக்குளத்து முதலை. அது விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடியே மீட்டுவிட்டார், தோட்டாச் செலவில்லை.

2025 ஜனவரியில் மட்டும் பண்ணாடிக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுடலாம் என்று அரசு அறிவித்தது. பன்றிக்கு .30-06 அதிகமா, .315 போதுமா என்று வந்தவர் போனவரிடமெல்லாம் விசாரணை. சுடுவது வனத்துறையினர்தான், தோட்டக்காரர் அல்ல என்ற வரியைப் பேரன்தான் படித்துக் காட்டினான்.

போதாததற்கு, ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை 2019 திருத்தம் இரண்டாக்கிவிட்டது. புதிது ஒன்று வேண்டுமென்றால் அய்யனின் 12 போரையோ .315-ஐயோ கைவிட வேண்டும். அந்தப் பேச்சு வந்தால் மோர் குடிக்க எழுந்துவிடுவார். இருக்கிற இரண்டும் வெயில் பார்ப்பது பெரும்பாலும் தேர்தல் நேரத்தில்தான், ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தேங்காய் விலை கேளுங்கள், மழை கேளுங்கள். "எந்தத் தோட்டாங்க நல்லது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கடைசி பஸ் போய்விடும்.