தீபாவளிப் பெயிண்டும் காந்தப் பெரட்டும்

வாடா பேராண்டி, இந்தத் தீபாவளிக்கும் பெயிண்டு வாளியோட வந்துட்டியா? போன வருசம் மஞ்சள், அதுக்கு முந்தி பச்சை, ரெண்டும் அடுப்படிச் செவுத்துலேர்ந்து உரிஞ்சு விழுந்தாச்சு. இந்த வருசம் நீலம் அடி. கோலசிலாங்கூர் பெயிண்டுக் கடைக்காரரும் பிள்ளைகுட்டிக்காரருதானே, பிழைக்க வேணாமா?

ஈரம் செவுத்துக்குள்ள எங்க நிக்குதுன்னு மட்டும் கேட்டுடாதே. 1784ல நம்ம புக்கிட் மெலாவாத்தியைப் பிடிச்சு உக்காந்தாங்களே ஒல்லாந்துக்காரங்க, அவங்க நாட்டு ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல அதைக் கேட்டுத்தான் வருசக்கணக்கா மெனக்கெட்டாங்க. லியோ பெல்னு ஒருத்தரு, செங்கல் மாதிரித் துளையுள்ள பொருளுக்குள்ள ஈரம் நடக்குற வழியை ஆராய்ஞ்சே 1995ல டாக்டர் பட்டம் வாங்கிட்டாரு. கல்லை உடைக்காமப் பார்க்குற வித்தை அது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுன்னு பேரு; என்.எம்.ஆர்.னு சொன்னா உன் வாய்க்குச் சுலபம்.

தோட்டத்துக் காலைப் பெரட்டை நினைச்சுக்கோ. தண்டல் சத்தம் குடுத்தா ஆளுக வரிசை கட்டுவாங்கல்ல? அப்படி, பெரிய காந்தத்தைப் பக்கத்துல வெச்சா தண்ணியில இருக்குற ஹைட்ரஜன் அணுக்கருவெல்லாம் அது பக்கம் அணி வகுக்கும். ரேடியோ அலையால ஒரு தட்டுத் தட்டினா சாஞ்சு, 'உள்ளேன்'னு குரல் குடுத்துக்கிட்டே பழைய நிலைக்குத் திரும்பும். எவ்வளவு குரலோ அவ்வளவு தண்ணி. இதுல இன்னொரு கூத்து: குறுகலான துளையில மாட்டின தண்ணி ஓரத்துல முட்டி முட்டிச் சீக்கிரமே வாயை மூடிக்கும். அகலமான துளையில இருக்குறது இன்னும் கொஞ்ச நேரம் பேசும். அதை வெச்சே எந்தத் துளையில எவ்வளவு ஈரம்னு பிரிச்சுடுறாங்க. செங்கல்லுல இரும்பு கலந்திருந்தா மட்டும் குரல் சட்டுன்னு மங்கிடும்.

வெள்ளைக்காரன் வித்தைன்னு வாயைப் பொளக்காதே. 1917ல இந்த நாட்டுலயே முதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டது, பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் நம்ம தென்னமரம் தோட்டத்துல. அந்தச் செம்பனை எண்ணெயில எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம்னு ஆலைக்காரங்க இதே என்.எம்.ஆராலதான் அளக்குறாங்க. எண்ணெய்க்குக் கிடைச்ச மரியாதை லயத்துச் செவுத்துக்குக் கிடைக்கலை, அவ்வளவுதான்.

ஐந்தோவன்காரங்க ஹைட்ரஜனோட விடலை, சோடியத்தையும் எண்ணினாங்க. உப்பு ஊறின செங்கல் வேகமாக் காஞ்சா, தண்ணி உப்பை வெளிமுகத்துக்கு இழுத்துட்டு வந்து போட்டுட்டுத் தான் மட்டும் ஆவியாப் போயிடுது. அதனால நீ செவுத்துக்கு நேரா ஃபேனைப் போட்டு ராத்திரி பூரா ஓடவிடு. வெள்ளை உப்பு நல்லாப் பூக்கும், கோலமாவுச் செலவு மிச்சம். அதுமேலயே எண்ணெய்ப் பெயிண்டைக் கெட்டியாப் பூசு. உள்ள ஈரம் வெளிய போக வழியில்லாம பொங்கலுக்குள்ள கொப்புளிச்சிடும்.

காந்தம் வாங்கக் காசில்லேன்னு அழாதே. பின்பக்கம் போய்க் கூரைத் தண்ணி இறங்குற குழாயைப் பாரு. அடைச்சுக்கிட்டுக் கிடக்கு, அந்த இடுக்குல அரசங்கன்னு ஒன்னு முளைச்சிருக்கு. இன்னிக்கே புடுங்கு. விட்டா உங்க பாட்டி அதுக்கு மஞ்சத்துணி கட்டிச் சூலத்தை நட்டுடுவா. அப்புறம் துரையே வந்தாலும் தொட முடியாது.