தாவல் திலகம்

கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். பத்தாவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்து, தாவினால் பதவி பறிபோகும் என்று எழுதி வைத்தார்கள். போன் தாவலுக்கு அப்படி ஒரு தடை இல்லை. அதனால்தான் நம் தாவல் திலகம் எதுவும் பறிபோகாமல் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

அவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் செக்‌ஷனில் ஜன்னலோர மேசை அவருடையது. இல்லையென்றால் உங்கள் அபார்ட்மென்டில் இரண்டாவது மாடி. வயது ஐம்பதுக்கு மேல். பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டி முடித்தாகிவிட்டது, வீட்டுக் கடனும் கடைசித் தவணைகளில் இருக்கிறது, கையில் கொஞ்சம் காசு புழங்குகிறது. ஆண்ட்ராய்டு வைத்திருக்கும்போது ஐபோனை நினைத்துப் பெருமூச்சு விடுவார். ஐபோன் வந்தபின் பெருமூச்சு நிற்காது. திசை மட்டும் மாறும். ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகும் மெசேஜ் நீலப் பெட்டியிலும், ஆண்ட்ராய்டுக்காரருக்குப் போகும் எஸ்.எம்.எஸ். பச்சைப் பெட்டியிலும் தெரியும். அக்கரை பச்சை என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த நிறம் ஒரு மானப் பிரச்சினை. நம் ஊரில் மாமா, மச்சான், மளிகைக் கடைக்காரர் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருப்பதால் அந்த ஒரு தகராறு மட்டும் நமக்கு இல்லை.

புதுப் போன் வாங்கிய முதல் வாரம் அவரைப் போன்ற விசுவாசி கிடையாது. எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் காக்கையை ஜன்னல் வழியே படம் எடுப்பார். இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, “இறகு ஒவ்வொண்ணும் தனியாத் தெரியுது பாருங்க” என்று மேசை மேசையாகக் காட்டுவார். கறுப்பாக ஏதோ தெரியும். “சூப்பர் சார்” என்று சொல்லிவிட்டு ஃபைலுக்குத் திரும்பிவிடுவது நல்லது. “எங்க சார் தெரியுது?” என்று கேட்ட ஒரு புது கிளார்க், அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்க சென்சார் அளவு பற்றிக் கேட்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, டீ வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

“ஏன் சார், இதுல திரும்பிப் போறது எப்படி?”

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போனவர்களின் முதல் கண்ணீர் இதற்குத்தான். ஆண்ட்ராய்டில் திரும்புவதற்கு ஒரே வழி, எங்கிருந்தாலும் அதே வழி. ஐபோனில் ஒரு செயலியில் இடது மேல் மூலையைத் தட்ட வேண்டும். அடுத்ததில் வலது மேல் மூலையில் பெருக்கல் குறி இருக்கும். இன்னொன்றில் பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் போகும். வேறொன்றில் எதைச் செய்தாலும் போகாது. நம்மவர் ஒரு கையில் டிபன் பாக்ஸும் மறு கையில் போனுமாக பஸ்ஸில் நிற்பவர். கட்டைவிரல் மேல் மூலைக்கு எட்டாது. எட்ட வைக்கப் போனால் போன் நழுவும். நழுவினால் டெம்பர் கிளாஸ் போகும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடைக்காரர், இவர் இறங்கும்போதே கிளாஸை உறையிலிருந்து பிரித்து வைத்துவிடுகிறார் என்று கேள்வி.

ஆண்ட்ராய்டுக்குத் திரும்பினால் நிம்மதியா என்றால், அங்கே வேறு வழக்கு. படம் பார்க்க இரண்டு கேலரி, மெசேஜுக்கு இரண்டு, இணையத்துக்கு இரண்டு. ஒன்று கூகுள் கொடுத்தது, மற்றது போன் கம்பெனி சேர்த்தது. எந்தப் பத்திரத்தைத் திறக்கப் போனாலும் ‘இந்த முறை மட்டுமா, எப்போதுமா?’ என்று கேட்கிறது. கல்யாணத்தின்போதுகூட என்னை யாரும் இப்படிக் கேட்கவில்லை என்பார். ஐபோனில் இருக்கும்போது அவருடைய குறை என்ன தெரியுமா? “எதையுமே நம்மளக் கேக்க மாட்டேங்குறான் சார். அவனே முடிவு பண்ணிடறான்.”

அவர் பிறவியிலேயே தாவுகிறவர் அல்ல. நோக்கியா காலத்தில் பத்தினி விரதம் காத்தவர். 2003-இல் வந்த 1100, தலையில் டார்ச் வைத்தது, அவரிடம் இருந்தது. மின்வெட்டு ராத்திரிகளில் அதை வைத்துத்தான் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார். எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் நோக்கியா சார்ஜர் ஒன்று டி.வி.க்குப் பக்கத்தில் தொங்கும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை திறந்தபோது, தன் வீட்டு விசேஷம் போலப் பேசினார். பிறகு விண்டோஸ் போன் வந்தது. “அடுத்தது இதுதான், எழுதி வெச்சுக்கங்க” என்றார். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. அந்த நவம்பரிலேயே ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடப்பட்டது. 2019 டிசம்பர் கடைசி நாளோடு வாட்ஸ்அப்பும் விண்டோஸ் போனைக் கைகழுவியது. கட்சியே கலைந்துபோன தொண்டர் என்ன செய்வார்? பாக்கி இருந்தது இரண்டே முகாம். இரண்டு பேர் மட்டும் மாறி மாறி ஆளும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்காரருக்குப் பழகியதுதானே. அன்றைக்குத் தொடங்கியது இந்த ஓட்டம். இடையில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே ஐபோன் தயாராக ஆரம்பித்துவிட்டது. இப்போது அந்தப் பக்கம் தாவும்போது, “நம்ம மண்ணுல செஞ்சது சார்” என்று ஒரு கொள்கை விளக்கமும் தர முடிகிறது.

அவருடைய தாவலை நேரில் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை இரவு போக வேண்டும். சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார். முதலில் சிம்மை எடுக்க வேண்டும். அதற்கென்று பெட்டியில் ஒரு குட்டி ஊசி வரும். வாங்கிய எல்லாப் பெட்டிகளையும் பரண்மேல் அடுக்கி வைத்திருப்பவரிடம் அந்த ஊசி மட்டும் ஒன்றுகூட இருக்காது. ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்திக் குத்துவார்; வளையும். பல் குத்தும் குச்சியைச் செருகுவார். நுனி உள்ளேயே உடையும். கடைசியில் அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, வளையலில் மாட்டியிருக்கும் ஊக்கைக் கழற்றி, ஒரே குத்தில் தட்டை வெளியே வரவழைத்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போவார்.

அடுத்தது சரக்கு மாற்றம். ஆண்ட்ராய்டிலிருந்து ஆள் பிடிக்க ஆப்பிள் 2015-லேயே ஒரு செயலி விட்டது. திரையில் ‘40 நிமிடம்’ என்று வரும். அரை மணி கழித்துப் பார்த்தால் இரண்டு மணி நேரம் என்று இருக்கும். யாராவது குறுக்கே நடந்தால் சிக்னல் அறுந்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மிக்ஸி போடக் கூடாது. வேறு செயலியைத் திறக்கவும் கூடாது; இது நம்பிக்கை இல்லை, நிஜம். நடு ராத்திரி எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் வாட்ஸ்அப் ஞாபகம் வரும்.

இந்த இடத்தில் அவர்மேல் எனக்குப் பரிதாபம்தான். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் பேக்கப் கூகுள் டிரைவில் இருக்கும், ஐபோனுடையது ஐகிளவுடில். இதை அது படிக்காது, அதை இது படிக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு முறையாக எடுத்துப் போகும் வழியே 2022-இல்தான் வந்தது. வந்தபோதும், புதுப் போனைப் பிரித்து முதன்முதலாக ஏற்பாடு செய்யும்போதே அதைச் செய்தாக வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். இத்தனை பாடுபட்டு அவர் காப்பாற்றத் துடிப்பது எதை? ரோஜாப்பூவில் எழுதிய குட்மார்னிங்குகள். அபார்ட்மென்ட் குரூப்பில் தண்ணீர் லாரிக்காக நடந்த சண்டை. யாரோ அனுப்பிய, யாரும் செய்து பார்க்காத மூட்டுவலிக் கஷாயம். “போனாப் போகட்டும், விடுங்களேன்” என்றால், “நடுவுல எங்கயோ நிலத்துப் பட்டாவோட போட்டோ இருக்கு சார்” என்பார். அது உண்மை. எந்த ரோஜாவுக்குக் கீழே என்பதுதான் தெரியாது.

பாஸ்வேர்டு படலம் தனி. ஒரு பெரிய எழுத்து, ஒரு சின்ன எழுத்து, ஒரு எண் வேண்டும் என்கிறது. எழுத்தில் பெரிசு சிறிசு பார்க்காத மொழியில் பிறந்தவரை இப்படிச் சோதிக்கிறார்கள். அவருடைய பாஸ்வேர்டுகள் எல்லாம் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் பென்சிலில் இருக்கின்றன. வருஷம் பிறந்தால் அட்டை பழைய பேப்பர்காரருக்குப் போய்விடும்.

ஞாயிறு காலை கீரைக் கடையில் அடுத்த காட்சி. போன் மாறினால் யு.பி.ஐ. செயலி, வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி ஆளைச் சரிபார்த்த பிறகுதான் வேலை செய்யும். அதற்குமேல் ஆரம்பத்தில் கொஞ்ச நேரத்துக்கு 5,000 ரூபாய் வரம்பு. கீரைக்கட்டுக்கு வரம்பு இடிக்காதுதான். ஆனால் வங்கி எண் இருப்பது இரண்டாவது சிம்மில். நம் ஊர் ஐபோனில் சிம் போட ஒரே தட்டுதான். இரண்டாவதை இ-சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்ற ஓ.டி.பி. வரும். ஓ.டி.பி. பழைய போனுக்கு வரும். பழைய போன் வீட்டு மேசையில் சார்ஜில் கிடக்கும்.

“என்ன சார், மறுபடியும் போன் மாத்திட்டீங்களா?” என்பார் கீரைக்காரம்மா. “நாளைக்குக் குடுங்க.” அவர் நோட்டில் திலகத்துக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது.

சிரிக்கிறோமே தவிர, ஆள் சொல்லும் குறை ஒன்றாவது பொய்யா என்றால், இல்லை. பேரின் எழுத்துகளை எண் பலகையிலேயே தட்டித் தேடும் வசதி ஐபோனில் இல்லை என்று அவர் வருஷக்கணக்காகப் புலம்பினார். 2024-இல் ஐ.ஓ.எஸ். 18-இல் வந்தது. ஐகான்களை நினைத்த இடத்தில் வைக்க முடியவில்லை என்றார். அதுவும் அதில்தான் வந்தது. பேசுவதைப் பதிவு செய்யும் வசதியும் அதே ஆண்டு வந்தது, ‘பதிவு செய்யப்படுகிறது’ என்று இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி உரக்க அறிவித்துவிட்டு. மச்சினர் பேசுவதை அவருக்கே தெரிவித்துவிட்டுப் பதிவு செய்து என்ன பிரயோஜனம் என்பது திலகத்தின் கேள்வி. ஆண்ட்ராய்டுப் பக்கமும் இதே கதைதான். 2016-இல் ஐபோன் 7 இயர்போன் ஓட்டையை அடைத்தது. 2020-இல் ஐபோன் 12-இன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தார்கள். கேலி செய்த போட்டிக் கம்பெனிகள் சத்தமில்லாமல் அதையே செய்தன. அவர் எதைக் கேட்டு முகாம் மாறுகிறாரோ, அது அவர் வெளியேறிய மறுவருஷம் பழைய முகாமிலேயே வந்துவிடுகிறது. எதை வெறுத்து வெளியேறுகிறாரோ, அது அவருக்கு முன்பே புது முகாமில் போய் உட்கார்ந்திருக்கிறது. 2023-இல் ஐபோன் 15 டைப்-சி சார்ஜருக்கு மாறியபோது ஐரோப்பாக்காரன் சட்டம் போட்டல்லவா வழிக்குக் கொண்டுவந்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த மாதம்தான் ரிச்சி தெருவில் பழைய லைட்னிங் ஒயர்களைத் தள்ளுபடியில் அள்ளி வந்திருந்தார்.

பரம்பரை ஐபோன்காரரும் பரம்பரை ஆண்ட்ராய்டுக்காரரும் தங்களுடையதுதான் உசத்தி என்பார்கள். மற்றதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு வீட்டுச் சாம்பாரும் சாப்பிட்ட மனிதர் இவர் ஒருவர்தான். போன் வாங்குமுன் யாரிடமாவது கேட்பதென்றால் இவரிடம்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வேறு வேலை இல்லாதபோது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் கழித்த போன் ஒவ்வொன்றும் மனைவிக்குத்தான் போகும். ஆக, அவர் தாவும்போதெல்லாம் அந்த அம்மாளும் ஒரு தாவல் பின்னால் தாவிக்கொண்டேதான் இருக்கிறார். ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. பெண்ணோடு வீடியோவில் பேசுவார், கோலம் பார்ப்பார், கேஸ் பதிவு செய்வார். பேக் பட்டன் இருக்கிறதா இல்லையா என்று கேட்டால், “எதுல?” என்பார்.

போன தீபாவளித் தள்ளுபடியில் நம்மவர் மறுபடி ஒன்று வாங்கினார். பெட்டி பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. இவர் ஆபீஸிலிருந்து வந்து, கால் கழுவி, சாப்பாட்டு மேசையைத் துடைக்கப் போனபோது பெட்டி ஏற்கெனவே பிரிந்து கிடந்தது.

“இந்தப் புதுசை நான் வெச்சுக்கறேங்க. என்னோடதை நீங்க எடுத்துக்குங்க. உங்களோடதுதானே அது.”

“அது சரி… வாட்ஸ்அப் எல்லாம் மாத்தணுமே. விடிஞ்சிடும்.”

“மத்தியானமே மாத்திட்டேன். குக்கர் வெச்சுட்டு உக்காந்தேன், மூணாவது விசிலுக்குள்ள முடிஞ்சிடுச்சு. ஸ்டேட்டஸ்கூடப் போட்டிருக்கேன், பாருங்க.”