சக்கரம் உருட்டினால் பழைய கமாண்ட் வருவதேன்?

கேள்வி: டிமக்ஸில் மேலே ஓடிப்போன வரிகளைப் பார்க்க மவுஸ் சக்கரத்தை உருட்டினால், முன்பு அடித்த கமாண்டுகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. சக்கரம் கெட்டுவிட்டதா?

பதில்: சக்கரத்தின் மேல் பழி போடாதீர்கள். டிமக்ஸ் கிளம்பியதும் டெர்மினலை மாற்றுத் திரைக்குக் கொண்டுபோய்விடும். அந்தத் திரைக்குப் பழைய வரிகள் என்று எதுவும் கிடையாது. உருட்ட ஒன்றுமில்லாததால் பல டெர்மினல்கள் உருட்டலை மேல், கீழ் அம்புக்குறி விசைகளாக மாற்றி உள்ளே அனுப்புகின்றன. லெஸ்ஸில் கோப்பு படிப்பவருக்கு அது பேருதவி. ஷெல்லுக்கோ மேல் அம்பு என்றால் ‘முந்தைய கமாண்டைக் கொண்டுவா’ என்று பொருள். அந்த நேரத்தில் தயவுசெய்து என்டர் தட்டாதீர்கள். நேற்று அடித்த ஆர்எம் கமாண்ட் வந்து நின்றுகொண்டிருக்கலாம்!

ஓடிப்போன வரிகள் பத்திரமாக இருக்கின்றன. திரையின் ஒவ்வொரு பகுதிக்கும், அதாவது பேனுக்கும், 2000 வரிவரை டிமக்ஸே சேர்த்து வைக்கிறது. அமைப்புக் கோப்பில் ‘செட் -ஜி மவுஸ் ஆன்’ என்று ஒரு வரி எழுதி, கோப்பை மறுபடி ஏற்றுங்கள். அதன்பின் சக்கரத்தை மேலே உருட்டினால் பழைய வரிகளைக் காட்டும் காப்பி மோடு திறக்கும். ஒரு நகர்வுக்கு 5 வரி. அடிவரை இறங்கிவந்தால் தானே மூடிக்கொள்ளும். 2000 போதாதென்றால் ஹிஸ்டரி-லிமிட்டைக் கூட்டலாம், ஆனால் புதிதாகத் திறக்கும் பேன்களுக்குத்தான் அது செல்லும்.

கேள்வி: நண்பர் தந்த அமைப்புக் கோப்பில் ‘மோட்-மவுஸ்’ என்று இருக்கிறது. டிமக்ஸ் ஏற்க மறுக்கிறதே?

பதில்: நண்பர் 2015-க்கு முந்தியவர். அந்த ஆண்டு வந்த 2.1 பதிப்பில் பழைய மவுஸ் அமைப்புகள் எல்லாம் ‘மவுஸ்’ என்ற ஒன்றில் அடங்கிவிட்டன.

கேள்வி: மவுஸை ஆன் செய்தேன், வழக்கமான காப்பி-பேஸ்ட் போய்விட்டதே?

பதில்: மவுஸ் இப்போது டிமக்ஸின் கையில். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் பெரும்பாலான டெர்மினல்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். மேக்கின் ஐடெர்ம்2-இல் ஆப்ஷன் விசை. ஆனால் டெர்மினலுக்குப் பேன் எல்லை தெரியாது, பக்கத்துப் பேனின் வரியையும் அள்ளிவரும். முதலில் கன்ட்ரோல்-பி, பிறகு இசட் தட்டி அந்தப் பேனை முழுத்திரையாக்கிவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: அகலமான மானிட்டரில் வலது ஓரத்தைச் சொடுக்கினால் சில பழைய புரோகிராம்கள் கண்டுகொள்வதில்லையே?

பதில்: பழைய முறையில் நெடுவரிசை எண்ணோடு 32-ஐக் கூட்டி ஒரே பைட்டில் அனுப்பினார்கள். ஒரு பைட்டின் உச்சம் 255; ஆக 223-க்கு அப்பால் உங்கள் சொடுக்கைச் சொல்ல வழியே இல்லை. எண்ணை எழுத்தாகவே அனுப்பும் எஸ்ஜிஆர் முறை வந்தபின் தொல்லை தீர்ந்தது. அந்தப் புரோகிராமின் புதிய பதிப்புக்கு மாறுங்கள்.

கேள்வி: மவுஸையே தொடாதவர்தான் நிஜமான புரோகிராமரா?

பதில்: இல்லவே இல்லை. பேனின் எல்லைக்கோட்டை இழுத்து அளவு மாற்ற மவுஸைப்போல வசதி வேறில்லை. அதே சமயம் 2000 வரிக்குள் ஒரு பிழைச்செய்தியைத் தேடச் சக்கரத்தை உருட்டுவது விரலுக்குத் தண்டனை. அதற்குப் பதில் கன்ட்ரோல்-பி, பிறகு இடது சதுர அடைப்புக்குறி தட்டுங்கள். காப்பி மோடு திறந்ததும் கன்ட்ரோல்-ஆர் தட்டித் தேடுங்கள், விஐ விசைகள் வைத்திருப்பவர்கள் கேள்விக்குறியைத் தட்டலாம். கிடைத்ததும் க்யூ தட்டி வெளியே வாருங்கள்.