ஏழரையாவது மாடி

கேள்வி: அமெரிக்காவின் விசித்திரப் படங்களைப் பார்ப்பதுண்டா? அவற்றுக்கு அர்த்தம் உண்டா?

பதில்: நித்திரை வராத இரவுகளில் பார்ப்பதுண்டு. 1999-இல் ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கி, சார்லி காஃப்மன் கதை எழுதிய 'பீயிங் ஜான் மால்கோவிச்' என்னும் சித்திரத்தில், நிமிர்ந்து நிற்கவும் இடமற்ற ஏழரையாவது மாடியில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் பொம்மலாட்டக்காரன் ஒருவன், அலமாரிக்குப் பின்னுள்ள சிறு கதவு வழியே மால்கோவிச் என்ற மெய்யான நடிகரின் சிரசுக்குள் பிரவேசித்து, 15 நிமிஷம் அவராகவே ஜீவித்துவிட்டு, நியூஜெர்சிச் சாலையோரத்தில் தொப்பென்று விழுகிறான். பிறகு அந்தப் பாக்கியத்துக்குத் தலைக்கு 200 டாலர் வசூலும் செய்கிறான். (கூடுவிட்டுக் கூடு பாய்ந்த நம் சித்தர்களுக்கு வியாபார புத்தி போதாது.) அந்த நடிகரே ஒருமுறை தம் சிரசுக்குள் நுழைந்து, அங்குள்ளோர் யாவருக்கும் தம் முகமே இருக்கக் கண்டு அலறும் காட்சியில் விழுந்து விழுந்து சிரித்தேன். அர்த்தமா? ஏழரை என்றதுமே அதை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.