கோழி மேய்ச்சவனுக்குப் பென்சன் இல்லை

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும் எண்டு எங்கட பழசுகள் சொன்னதைப் படிச்ச ஆக்கள் பகிடியா எடுத்தவை. அது பகிடியில்லைத் தம்பி, பொருளாதாரம். வெளியில மேய்ச்சால் கோழி மட்டுந்தான் மிஞ்சும். அரசாங்கத்தில மேய்ச்சால், கோழி செத்து, மேய்ச்சவனும் செத்த பிறகும் மனிசிக்கு மாதா மாதம் காசு வரும். நான் என்ர வளவுக்குள்ளதான் மேய்ச்சனான். அதால எனக்குப் பென்சன் இல்லை. ஆனா பென்சனைப் பற்றிக் கதைக்கிற தகுதி எனக்குத்தான் கூட. கிடைக்கிறவன் திகதியைப் பாப்பான். கிடைக்காதவன்தான் சட்டத்தைப் படிப்பான்.

முந்தி எங்கட தீவுக் கிராமமான கரம்பொன்னில கலியாணம் பேசேக்க, பொம்பிளையின்ர தேப்பன் மாப்பிளையின்ர முகத்தைப் பாக்கிறதில்லை. "பென்சன் உள்ள உத்தியோகமோ?" எண்டுதான் கேக்கிறவர். விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு வெள்ளைக்காரன் 1898 இலேயே கட்டளைச் சட்டம் போட்டிட்டான். எங்கட ஆக்கள் அதைப் பாராயணம் பண்ணின அளவுக்குக் கந்தபுராணத்தையும் பண்ணேல்லை, வேதாகமத்தையும் பண்ணேல்லை. மாப்பிளை நடமாடினாச் சம்பளம், இளைப்பாறினாப் பென்சன், கண்ணை மூடினாலும் மகளுக்குக் காசு. இப்பிடி மூண்டு பக்கமும் வேலி அடைச்ச மாப்பிளைக்குச் சீதனம் கூடத்தானே வேணும்? ஆனா உத்தியோகம் பாத்த பொம்பிளையின்ர புருசனுக்கும் அந்தச் சலுகை வர 1983 மட்டும் பொறுக்க வேண்டி வந்துது. ஆம்பிளை எண்டால் தானே உழைச்சுச் சாப்பிடுவான் எண்டு அவ்வளவு காலம் நம்பியிருந்த அப்பாவி அரசாங்கம்.

அந்த அரச பென்சனுக்கும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு எண்டு ஒண்டு கிடக்கு. அதின்ர முதலாம் பிரிவே, பென்சன் எண்டது உத்தியோகத்தருக்கு முழு உரித்தில்லை எண்டுதான் சொல்லுது. அதைப் படிச்ச மாமன்மார் ஆரும் இல்லை. படிச்சிருந்தாச் சீதனத்தில ரெண்டு பரப்புக் காணியாவது மிஞ்சியிருக்கும்.

இஞ்ச உத்தியோகம் கிடைக்காதவை மலாயாவுக்குக் கப்பலேறிச்சினம். றெயில்வேயிலயும் கந்தோரிலயும் கிளாக்கர் வேலை பாத்து, தலை நரைக்கத் திரும்பி வந்து, மலாயன் பென்சனியர் எண்டு விறாந்தையில சாய்மனைக் கதிரை போட்டிருந்தவை. உழைச்ச நாடு ஒண்டு, செலவழிச்ச நாடு வேற. கனடாவில உழைச்சு ஊரில இருப்பம் எண்டு நீ இப்ப யோசிக்கிறதை அவை அந்தக் காலத்திலேயே செய்து முடிச்சிட்டினம். எங்கட தனிநாயகம் அடிகளாரும் இந்த ஊரில பிறந்து மலாயாப் பல்கலைக்கழகம் மட்டும் போனவர்தான். அவர் உலகமெல்லாம் தமிழைத் தேடினார். மற்றச் சனம் உலகமெல்லாம் பென்சனைத் தேடிச்சுது. ரெண்டும் தேட வேண்டிய சாமான்தான்.

கோறணமேந்துக்கு வெளியில நிண்டவைக்கு 1958 இல ஊழியர் சேமலாப நிதி வந்துது. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் போட வேணும். ஆம்பிளைக்கு 55, பொம்பிளைக்கு 50 வயசில முழுக்காசையும் ஒரேயடியாக் கையில தருவினம். அந்தக் காசு வங்கிக்கு வந்த அண்டைக்குத்தான் மருமோனுக்கு ஓட்டோ வாங்கிற யோசனை வரும், கோயிலுக்கு ஒருநாள் திருவிழா எடுக்கிற பக்தியும் வரும். அடுத்த வருசம் பக்தி மட்டும் மிச்சம்.

2011 இல அரசாங்கம், தனியார் துறைக்கும் மாதப் பென்சன் தாறம் எண்டு ஒரு சட்டமூலம் கொண்டு வந்துது. நல்ல விசயந்தானே எண்டு நீ கேப்பாய். கட்டுநாயக்கத் தொழிற்சாலைப் பிள்ளையள், "எங்கட சம்பளத்தில வெட்டிற காசு எப்ப, எவ்வளவு திரும்பி வரும்?" எண்டு கேட்டவை. மறுமொழி துவக்கால வந்துது. மே 30 ஆம் திகதிச் சூட்டில காயப்பட்ட ரொஷேன் சானக்க எண்ட பொடியன் ஜூன் 1 செத்துப் போனான். பிறகு சட்டமூலத்தைத் திருப்பி எடுத்தவை. இதில நான் பகிடி விடேல்லை. வயசு போன காலத்துக் காசுக்காக ஒரு இளந்தாரி செத்திருக்கிறான் எண்டதை மட்டும் ஞாபகம் வைச்சிரு.

சரி, சேமலாப நிதியில கிடந்த காசாவது பத்திரமோ? 2022 செப்ரெம்பரில கொழும்பு விலைவாசி முந்தின வருசத்தை விட 69.8 வீதம் ஏறிச்சுது. அந்த வருசத்துக்கு நிதி குடுத்த வட்டி 9 வீதம். 100 ரூபாயை 109 ஆக்கிக் கொண்டு சந்தோசமாக் கடைக்குப் போனவனுக்கு, போன வருசம் 64 ரூபாய்க்கு வித்த சாமான்தான் கிடைச்சுது. அடுத்தது 2023, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. கடன் வாங்கினது அரசாங்கம். கடன் குடுத்தது சேமலாப நிதி. நிதியைப் பாக்கிறது மத்திய வங்கி. கடனாளி சொல்லுறார்: "பழைய முறியைத் தந்திட்டு நீண்டகால முறியை வாங்கு. 2025 மட்டும் 12 வீதம் தருவன், பிறகு 9. மாட்டன் எண்டால் உனக்கு 14 வீதமா இருக்கிற வரியை 30 ஆக்குவன்." காயப்போட்ட நெல்லுக்குக் கோழியைக் காவல் வைச்ச கதைதான். காசுக்குச் சொந்தக்காரரான தொழிலாளியளிட்டை ஓமோ, இல்லையோ எண்டு ஒரு துண்டு குடுத்துக் கேட்டவை ஆரும் இல்லை.

கமக்காரனுக்கு 1987 இல பென்சன் சட்டம் வந்துது. கடற்றொழிலாளிக்கு 1990 இல வந்துது. அந்த 1990 ஐ யோசிச்சுப் பார். ஜூன் மாதம் திரும்பச் சண்டை தொடங்கி, தீவுக் கடலில வள்ளம் இறக்கேலாமல் போன வருசம். கடற்றொழிலாளிக்குப் பென்சன் வர, கடல் போட்டுது. கமக்காரன்ர பென்சன் பெட்டியும் காய்ஞ்சு 2012 அளவில நிண்டு, 2014 இலதான் திரும்பக் காசு வரத் தொடங்கினது. கமக்காரன் கிழடாகும் வரைக்கும் பொறுக்க வேணும். எம்.பி.மாருக்கோ, 1977 இல தாங்களே போட்ட சட்டத்தின்படி, 5 வருசம் கதிரையில இருந்தாக் காணும் எண்டு இருந்தது.

இப்ப எனக்கு, 70 தாண்டின வறிய முதியவர் எண்டு மாதம் 5,000 ரூபா வருது. 2025 இல 3,000 இல இருந்து கூட்டினவை. வாங்கிறன், மறைக்கேல்லை. எழுபது மட்டும் எப்பிடிச் சீவிச்சனி எண்டு ஆரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.

இனி உங்கட பக்கம் வருவம். நீ கனடாக்காரன். அங்க 65 வயசில முதியோர் பாதுகாப்புப் பென்சன் தருவினம். அதுக்கு வேலை செய்த கணக்கு இல்லை, குடியிருந்த கணக்கு. 18 வயசுக்குப் பிறகு 10 வருசம் இருந்தா நாற்பதில பத்துப் பங்கு, 40 வருசம் இருந்தா முழுசு. வேலை செய்து கட்டின கனடாப் பென்சன் திட்டம் வேற. நீ இஞ்ச மேல்மாடி வீடு கட்டிற வேகத்தைப் பாக்க எனக்கு ஒரு கேள்வி: அங்க 20 வருசம் இருந்திட்டியோ? இருபது காணாமல் இஞ்ச வந்து ஆறு மாதத்துக்கு மேல குந்தினால் முதியோர் பென்சன் நிண்டிடும். வருமானம் குறைஞ்ச முதியவைக்குத் தாற மேலதிகக் காசு, எத்தினை வருசம் இருந்தவனுக்கும் ஆறு மாதத்தோட சரி. நீ உழைச்சுக் கட்டினது மட்டும் எங்க போனாலும் உனக்குப் பின்னால வரும். அதால முதல்ல வருசத்தை எண்ணு, பேந்து சீமெந்துப் பையை எண்ணு.

லண்டனில உன்ர கொத்தான் நிக்கிறார். அங்க 66 ஆ இருந்த பென்சன் வயசை 2028 க்குள்ள 67 ஆக்கிறதெண்டு சட்டம். 35 வருசம் கட்டினா முழுசு, 10 க்குக் குறைஞ்சா ஒண்டுமில்லை. அவர் ஊருக்கு வந்திட்டாலும் பென்சன் வரும். ஆனா வந்த அண்டைக்கு இருந்த தொகைதான் கடைசி மட்டும். அங்க வருசா வருசம் கூட்டிறது இலங்கையில இருக்கிறவைக்குக் கிடையாது. எங்கட வெயிலில கருவாடு காயும், தார் உருகும், பிரித்தானியப் பென்சன் மட்டும் உறையும்.

பாரிஸில உன்ர கொக்கா. 2023 இல அங்க 62 ஐ 64 ஆக்கினவை. நாடே தெருவில இறங்கிச்சுது. கீழ்ச்சபையில கடைசி வாக்கெடுப்பு இல்லாமலே அரசியலமைப்பின்ர 49.3 எண்ட பிரிவால அதைச் சட்டமாக்கிப் போட்டு, 2025 கடைசியில இடைநிறுத்தினம் எண்டவை. எங்கட நாடு இதில வெகு கெட்டி. 2022 இல அரச உத்தியோகத்தருக்கு 65 எண்டவை. அந்த வருசம் முடியேக்க 60 எண்டு மாலை போட்டு வீட்டை அனுப்பிச்சினம். அங்க ரெண்டு வருசத்துக்குப் பெரிய கலாதி. இஞ்ச அஞ்சு வருசம் ஏறி இறங்கியும் ஒருத்தரும் மூச்சு வாங்கேல்லை.

சுவிஸில எங்கட தீவுச் சனம் கனக்க. அங்க பென்சனைப் பற்றிச் சனத்திட்டையே கேக்கினம். 2022 இல பொம்பிளையளின்ர வயசை 64 இல இருந்து 65 ஆக்க மயிரிழையில ஓம் எண்டவை. 2024 மார்ச் 3 இல, வருசத்துக்குப் 13 ஆவது பென்சன் வேணுமோ எண்டதுக்கு ஓம். எல்லாருக்கும் 66 ஆக்கட்டோ எண்டதுக்கு ஏலாது. காசைக் கூட்டு, வயசைக் கூட்டாதை! இதைக் கேட்ட உடன எனக்கு எங்கட சனசமூக நிலையப் பொதுக்கூட்டம்தான் ஞாபகம் வந்துது. எண்டாலும் கேட்டுச் செய்தவை, அது பெரிய காரியம்.

ஜேர்மனியில பிஸ்மார்க் 1889 இல பென்சன் வைச்சவர். வயசு 70. அந்தக் காலத்தில எழுபது கண்டவன் எத்தினை பேர்? ஆள் மூளைசாலி. சிலி நாட்டில 1981 இல இராணுவ ஆட்சி பழைய முறையை மூடி, ஒவ்வொருத்தரும் தன்ர கணக்கில தனியார் கம்பனிக்குக் கட்ட வேணும் எண்டுது. இராணுவமும் பொலிசும் மட்டும் பழைய பென்சனிலேயே நிண்டுகொண்டவை. அவ்வளவு நல்ல திட்டமெண்டால் நீங்களும் சேரலாமே எண்டு கேக்க அப்ப அங்க ஆருக்கு வாய் இருந்தது?

எல்லாத்தையும் பாத்திட்டுத்தான் எங்கட கரம்பொன் திட்டத்தைச் சொல்ல வாறன். பிள்ளையைப் பெறு, படிப்பி, காணியை வித்து வெளிநாட்டுக்கு அனுப்பு, காசு வரும். சட்டமில்லை, கந்தோரில்லை, படிவமில்லை. உலகத்திலேயே செலவு குறைஞ்ச நிர்வாகம். ஆனா சந்தா கட்டிறது ஒரே ஒரு ஆள். அவன்ர தொழிற்சாலை மூடினா, அவன்ர வீட்டுக் கடன் வட்டி ஏறினா, மருமோளோட கதைபேச்சு முறிஞ்சா, திட்டமும் முறிஞ்சுது. பிஸ்மார்க்கும் பிரான்சும் செய்யிறது இதையேதான்: உழைக்கிற கை ஓய்ஞ்ச வாய்க்குச் சோறு போடுறது. அவை கோடிக் கைகளைச் சேர்த்தவை. நாங்கள் ஒரு கையைப் பிடிச்சுத் தொங்கிறம். அந்த ஒரு கை நீதான் எண்டதால இவ்வளவு மரியாதையாக் கதைக்கிறன்.

ஆனபடியால், எந்த நாட்டுக்காரன் என்ன பேர் வைச்சுக் கொண்டு வந்தாலும் எவ்வளவு தருவாய் எண்டு முதல் கேள்வியாக் கேக்காதை. தொகையைச் சொல்லிறது லேசு. தரவேண்டிய நாளில சொன்னவன் கதிரையில இரான். மூண்டு விசயம் கேள். காசு ஆரின்ர கையில நிக்குது? கடன் வாங்கிறவன்ர கையிலேயே நிண்டால், வேற இடத்திலயும் கொஞ்சம் வை. விலை ஏற அதுவும் ஏறுமோ? ஏறாதெண்டால் ஊருக்கு வாற நாளைப் பாத்துத் தெரி. விதியை மாத்திறவர் அந்தப் பென்சனுக்குள்ள இருக்கிறாரோ, வெளியில நிண்டு மாத்திறாரோ? வெளியில நிக்கிறவர் சீர்திருத்தம் எண்டு வாய் திறந்தால் மடியைப் பொத்திக்கொள்.

இந்த மூண்டையும் நீ கேட்டு விளங்குவாய் எண்ட நம்பிக்கை எனக்கில்லை. அதால படிவத்தில கையெழுத்து வைக்க முந்தி மனிசியிட்டைக் குடு. வயசில அவ உனக்கு இளமை, பிறசரும் உனக்குத்தான். அந்தக் காசில கடைசியாச் சாப்பிடப் போறது அவதான். ஒரு வரி விடாமல் வாசிப்பா.