துறைமுகம் மாறுதலுக்கு உட்பட்டது

இலஞ்சி குமாரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. சீசனுக்கு வீடு வாடகைக்கு விடும் ஆச்சி திண்ணையில் இருக்கிறார். எதிரே தென்காசி டிராவல்ஸ் தம்பி, கையில் கப்பல் படம் போட்ட வழவழப்பான புத்தகம். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டுவதால் காலையிலேயே குளிக்கத் தடை. ஊருக்குள் வந்த கார்களெல்லாம் பிரானூர் பார்டர் பக்கம் பரோட்டா தேடித் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

தம்பி: சென்னையிலே ஏறுறோம் ஆச்சி. கப்பலே ஒரு ஊரு மாதிரி. நேரே திருகோணமலை. சுவாமி மலை உச்சியிலே கோணேசர் தரிசனம். அட்டைப்படத்தைப் பாருங்க.

ஆச்சி: அதுக்குத்தாம்ல துட்டு தாரேன். கப்பல் அங்க போவாட்டா?

தம்பி: பயணத் திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது. வானிலை, துறைமுக அனுமதி, இயந்திரக் கோளாறு, அல்லது நிறுவனம் கருதும் வேறு எந்தக் காரணமும்.

ஆச்சி: கடைசியா ஒண்ணு சொன்னியே, அது என்ன காரணம்?

தம்பி: முதல் மூணும் பத்தாதப்ப உதவுற காரணம்.

ஆச்சி: சரி. துட்டு திரும்ப வருமா?

தம்பி: கண்டிப்பா! அந்தத் துறைமுகத்துக்கான கட்டணமும் வரியும் பைசா சுத்தமா வந்துரும். கம்பெனிகிட்டயே கோயில் டூருக்குப் பணம் கட்டியிருந்தா அதுவும் வரும். வெளியாள்கிட்ட வேன் பேசியிருந்தா அது உங்க பாடு.

ஆச்சி: அந்தத் துறைமுகக் கட்டணம் யாருக்குக் கட்டுறது?

தம்பி: துறைமுகத்துக்கு. கப்பல் நிக்கலைன்னா கட்ட வேண்டியதில்லை.

ஆச்சி: அப்ப எனக்காகக் கட்டுறோம்னு வாங்கி, கட்டாம வச்சிருந்த துட்டை எனக்கே தாராவ. இதுக்குப் பேரு நஷ்டஈடா?

தம்பி: அதுக்கு மேலே நல்லெண்ணத் தொகைன்னு ஒண்ணு தந்தாலும் தருவாங்க. உங்க அறைக் கணக்கிலே ஏத்திருவாங்க. கப்பலுக்குள்ளே மட்டும் செலவழிக்கலாம். இறங்குறதுக்குள்ளே முடிச்சிரணும்.

ஆச்சி: மிச்சம் இருந்தா?

தம்பி: காலாவதி.

ஆச்சி: நல்லெண்ணமா காலாவதி?

தம்பி: கப்பலுக்குள்ளே செலவழிக்க வழியா இல்லே ஆச்சி? வரியில்லாக் கடை இருக்கு, கேசினோ இருக்கு. கரையிலே நிக்கும்போது பெரும்பாலான ஊர்லே இதையெல்லாம் மூடியிருக்கணும். நடுக்கடல்னா திறந்துருவாங்க.

ஆச்சி: அப்படிச் சொல்லு. நான் கோணேசரைப் பார்க்காத அன்னைக்கு அவ்வோளுக்கு யாவாரம்.

தம்பி: கப்பல்காரங்களைத் தப்பா நினைக்காதீங்க. 2022 ஜூன் 4-ந் தேதி நம்ம முதலமைச்சரே சென்னைத் துறைமுகத்துலே கொடியசைச்சு கோர்டேலியா கப்பலை அனுப்பினாரு. விசாகப்பட்டினம் போயிட்டு, புதுச்சேரியிலே நின்னுட்டு வரணும்.

ஆச்சி: நின்னுச்சா?

தம்பி: பக்கத்துலே வந்துச்சு. கேசினோ, கலாசாரச் சீரழிவுன்னு அங்கே எதிர்ப்பு. அரசாங்கம் அனுமதி தரலை. யாரையும் இறக்காமலே திரும்பிருச்சு.

ஆச்சி: மண்டபம் பேசாம பத்திரிகை அடிச்சிருக்காவ.

தம்பி: பயணிக்குப் பாதுகாப்பே இல்லைன்னு நினைச்சுராதீங்க. 2013-லே மெக்சிகோ வளைகுடாவிலே கார்னிவல் ட்ரையம்ப்னு ஒரு கப்பல்லே எஞ்சின் அறையிலே தீப்பிடிச்சு, ஜனங்க நாலஞ்சு நாளு கழிப்பறையும் ஓடாம நடுக்கடல்லே கிடந்தாங்க. அந்த வருஷமே கப்பல் கம்பெனிகளோட சங்கம் பயணிகள் உரிமைப் பட்டியல்னு ஒண்ணு போட்டுச்சு. எஞ்சின் கோளாறாலே பயணமே ரத்தானா முழுப் பணம். பாதியிலே முடிஞ்சா ஒரு பகுதி.

ஆச்சி: ஒரு ஊரை மட்டும் விட்டுட்டுப் போனா?

தம்பி: எஞ்சின் கோளாறோ அவசரமோ வந்து திட்டம் மாறினா, அதைக் காலாகாலத்துலே தெரிஞ்சுக்கிற உரிமை உண்டு.

ஆச்சி: கோணேசர் கிடையாதுன்னு சீக்கிரமாச் சொல்லிருவாவ. பெரிய உரிமைதாம்.

தம்பி: *(புத்தகத்தை மூடி)* ஒண்ணு கேக்கேன் ஆச்சி, கோவிச்சுக்காதீங்க. இப்ப உங்க மாடியிலே ஒரு குடும்பம் தங்கியிருக்கு. அருவியிலே குளிக்கத்தானே வந்தாங்க? இன்னைக்குத் தடை. வாடகையைத் திருப்பிக் கொடுத்தீங்களா?

ஆச்சி: நான் எதுக்குக் கொடுக்கணும்? வாடகை வீட்டுக்கு. அருவிக்கா வாங்கினேன்?

தம்பி: அதேதான் ஆச்சி! டிக்கெட் கப்பலுக்கு. கப்பல் ஓடுச்சு, சோறு போட்டாங்க, மெத்தை போட்டாங்க. கோணேசர் டிக்கெட்டுலே இல்லை.

ஆச்சி: வாசல்ல போர்டைப் படி.

தம்பி: “வீடு வாடகைக்கு விடப்படும்.”

ஆச்சி: அருவிப் படம் போட்டிருக்கா? போடலை. தண்ணி வரும், வராதுன்னு ஒரு வார்த்தை எழுதலை. அது மழைக்கும் போலீசுக்கும் உள்ள விசயம். நீ அட்டையிலேயே கோயிலைப் போட்டு, கோயிலைச் சொல்லி விலை பேசுத. துட்டு வாங்குறப்ப கோணேசரு, கணக்குத் தீர்க்குறப்ப துறைமுகக் கட்டணமா?

தம்பி: ஒப்பந்தத்துலே தெளிவா இருக்கு ஆச்சி. பின்பக்கம், சின்ன எழுத்துலே.

ஆச்சி: எனக்கு எழுபது வயசு. பெரிய எழுத்துல எங்க கேக்கலாம்னு சொல்லு.

தம்பி: *(குரலைத் தாழ்த்தி)* நுகர்வோர் ஆணையத்துலே. 2019-லே வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி மும்பையிலே இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்துலேயே மனு போடலாம். நாம கொடுத்த பணம் அஞ்சு லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ளே போடணும். ஒப்பந்தமே ஒருதலைப்பட்சம்னு சொல்லணும்னா மாநில ஆணையம்.

ஆச்சி: இது புத்தகத்துல எந்தப் பக்கம்?

தம்பி: இதைப் போய்ப் போடுவாங்களா ஆச்சி?

ஆச்சி: அப்ப நான் சொல்லுதேன், எழுதிக்க. துட்டு வாங்குற ரசீதுல “திருகோணமலை, இத்தனாந்தேதி”ன்னு போட்டுக் கையெழுத்துப் போடு. புயல் அடிச்சுப் போவலைன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அனுமதி வாங்காம, கருதின காரணத்துக்காகப் போவலைன்னா டிக்கெட்டுல பாதி எனக்கு வரணும். கடைக்கணக்குல இல்ல, ரொக்கமா.

தம்பி: அப்படி எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை ஆச்சி.

ஆச்சி: துட்டு வாங்க மட்டும் இருக்கோ? டிக்கெட் வேண்டாம்ல. புத்தகத்தை மட்டும் வச்சிட்டுப் போ. எதிர்வீட்டு வாத்தியாரு போன வாரம் உங்கிட்டத்தான் பணம் கட்டியிருக்காரு. அட்டையைப் பத்திரமா வச்சுக்கிடச் சொல்லணும்.