ஓய்வொழிச்சலற்ற ஸ்டாக்ஹோம்வாசி

ஸ்டாக்ஹோமில் நான் குடியேறிய நாள் முதலாக, ஊரிலிருந்து வரும் கடிதங்களில் ஓர் அனுதாபத் தொனி தவறுவதேயில்லை. டிசம்பரில் பிற்பகல் 3 மணிக்குள் சூரியன் அஸ்தமித்துவிடும் தேசத்தில், பேச்சுத் துணைக்கும் ஆளில்லாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு காலட்சேபம் செய்வதாக என் பந்துக்களுக்கு ஒரு பிரமை. சுவரைப் பார்க்கச் சாவகாசம் வாய்க்குமானால் அதைவிடப் பெரும் பாக்கியம் எனக்கு வேறில்லை.

ரயிலிலும் மாடிப்படியிலும் மௌன விரதம் காக்கும் ஸ்வீடன்காரர்கள், ஒரு சங்கத்தின் பெயரால் கூடிவிட்டார்களேயானால் அவர்களைப் போன்ற சம்பாஷணைப் பிரியர்களைக் காண்பது அரிது. சங்கமென்றால் வருஷாந்தரக் கூட்டம் உண்டு. அதில், கூட்டம் முறைப்படி கூட்டப்பட்டதுதானா என்று சபையைக் கேட்டு ஆமென்று சொல்ல வைப்பதும், நடவடிக்கைக் குறிப்பைச் சரிபார்த்துக் கையொப்பமிட ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் சாஸ்திரோக்தமாக நடக்கும். எங்கள் பேட்டைச் சேர்ந்திசைக் குழுவில், சுருதியோடு ஜன்மப் பகை கொண்ட என்னை அந்தச் சரிபார்க்கும் பதவிக்கு ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். குரலால் செய்ய முடியாத கைங்கரியத்தைப் பேனாவால் செய்து வருகிறேன்.

ஆகஸ்ட் பிறந்தால் கிரேஃபிஷ் விருந்து. நண்டுக்கும் இறாலுக்கும் இடைப்பட்ட அந்த ஜந்துவை, உப்பு நீரில் சதகுப்பைப் பூங்கொத்துகளோடு வேகவைத்து, ஆறவிட்டு, செக்கச்செவேலென்று தட்டில் குவித்து வைப்பார்கள். தலைக்கு மேல் சிரித்த முகத்துச் சந்திரன் காகித விளக்காகத் தொங்கும். கீழே நீதிபதிகளும் பேராசிரியர்களும் காகிதக் குல்லா தரித்து, கழுத்தில் துணி கட்டி, ஓட்டை உடைத்துச் சாற்றை ஓசையோடு உறிஞ்சுவார்கள். மற்ற நாட்களில் தேநீரைக்கூடச் சத்தமின்றிப் பருகும் உத்தமர்கள்! ஒவ்வொரு கிண்ண மதுவுக்கு முன்பும் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடியாக வேண்டும். சைவ போஜனமும் மதுவிலக்கும் அநுசரிக்கிற நான், குல்லாவோடும் கழுத்துத் துணியோடும் பாலாடைக்கட்டிப் பணியாரத்தைத் தின்றுகொண்டு, தண்ணீர்க் கிண்ணத்தை உயர்த்தி, மதுவின் மகிமையை எல்லோருக்கும் மேலான உரத்த குரலில் பாடுகிறேன். சேர்ந்திசைக் குழுவில் கிடைக்காத மதிப்பு எனக்கு அங்கே கிடைக்கிறது.

கலை விஷயத்திலும் குறைவில்லை. ட்ராட்னிங்ஹோல்ம் அரண்மனையை ஒட்டி 1766-இல் எழுந்த நாடக அரங்கில், அக்காலத்து மர இயந்திரங்களை இன்றும் ஆட்கள் கையால் சுழற்றித் திரைகளை மாற்றுகிறார்கள். பெட்டிக்குள் கற்களை உருட்டி இடி முழக்குகிறார்கள். அந்த இடிக்கு நடுவேயும் ஒரு ரஸிகர் இருமமாட்டார். டிசம்பர் 13-ஆம் தேதி லூசியாத் திருநாள். வெள்ளுடை தரித்த பெண்கள், முன்னே வருபவளின் முடியில் மெழுகுவத்திகள் ஒளிர, இருள் பிரியாத காலையில் பாடி வருவார்கள். மார்கழி பிறப்பதற்குச் சில தினங்கள் முன்னதாகவே இத்தேசத்தார் முந்திக்கொள்கிறார்களே என்று, பாதித் தூக்கத்தில் குங்குமப்பூ ரொட்டியைக் கடித்தபடி நான் வியப்பதுண்டு.

இத்தனைக்கும் நடுவே ஒரு நண்பரை வீட்டுக்குச் சாப்பிட அழைப்பதுதான் பகீரதப் பிரயத்தனம். இங்கே யாரும் தேதி சொல்வதில்லை, வாரத்தின் எண்ணைச் சொல்கிறார்கள். சென்ற முறை நான் அழைத்த நண்பர் குறிப்பேட்டை வெகுநேரம் புரட்டி, 41-ஆம் வாரம் வியாழக்கிழமை மாலை தமக்குச் சௌகரியம் என்றார். அன்று எனக்குச் சலவை அறை முறை. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவான அந்த அறையின் வாசற்பலகையில், விரும்பிய நேரத்துக்குரிய துளையில் நம் வீட்டு எண் பொறித்த சிறு பூட்டைச் செருகிவைத்தால், ராஜாவே துணி மூட்டையோடு வந்தாலும் திரும்பிப் போகவேண்டியதுதான். உடல்நலமில்லை என்றிருந்தால் நண்பர் சந்தேகித்திருப்பார். வேறு விருந்து என்றிருந்தால் வருந்தியிருப்பார். சலவை என்றதும் மரியாதையோடு தலையசைத்து, வேறு கேள்வியின்றி 44-ஆம் வாரத்தைப் புரட்டினார்.